எல்லாம் கிரிவலத்தால் வந்தது

நாலு பௌர்ணமியில் ஒன்பது கிலோ இறங்கியிருந்தேன். அடி அண்ணாமலையில் எங்கள் தெருவே என்னைத்தான் பேசியது. "அண்ணாமலையார் உன்னை சிலையாட்டம் ஆக்கிட்டாரும்மா கீதா" என்று பக்கத்து வீட்டு ராணியம்மாள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். கண் பட்டுவிடும் என்று அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டாள். நானும் பழைய சுடிதாரையெல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் திரிந்தேன். மறைப்பானேன்?

மற்றதெல்லாம் கூடவே வந்தது. தாகம் அடங்கவில்லை, பதினாலு கிலோமீட்டர் நடக்கிறவளுக்குத் தாகம் எடுக்காதா? காலையில் எழும்போதே அசதி, நடந்த களைப்பு. வலது காலில் கல் குத்திய புண் மூன்று வாரமாக ஆறவில்லை. வெறுங்காலோடு நடந்தால் அப்படித்தான். எங்கள் ஊரில் எதற்கும் கிரிவலத்தில் ஒரு பதில் இருக்கும்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஒரு கடையில் எனக்கு வேலை. ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். ஜெராக்ஸ் மெஷினில் புகழேந்தி. என்னைவிட மூன்று வயது பெரியவன், வாய் ஓயாதவன். கடைக்குப் பின்னால் உள்ள பாத்ரூம் சாவி அவன் மேசையில்தான் தொங்கும். ஒருநாள் சாவியை எடுக்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"கீதா, காலையிலேர்ந்து இது ஏழாவது வாட்டி."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "ஒரு பொண்ணு எத்தனை வாட்டி போறான்னு எண்ணினு இருக்கியா? வெக்கமா இல்ல உனக்கு?"

"தண்ணியும் ஜாஸ்தியா குடிக்கற. ஆளும் பாதியாயிட்ட. ஒருவாட்டி சுகர் பாத்துடேன்."

"சுகரா? எனக்கு இருபத்துநாலு வயசு. எங்க வீட்ல ஒருத்தருக்கும் கெடையாது. உன் வேலையைப் பாரு."

நாலு நாள் அவனோடு பேசவில்லை. அவன் விடவில்லை. தினமும் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "பாத்தியா?" என்பான். நான் முறைப்பேன். மறுநாளும் அதே "பாத்தியா?". முதலாளியிடம் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்த வாரம் தங்கம்மாள் என்ற பாட்டியின் பென்ஷன் விண்ணப்பம் திரும்பி வந்தது. வங்கிக் கணக்கில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறேன். பாஸ்புக்கைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனால் மங்கல். தள்ளிப் பிடித்தாலும் மங்கல். அவர் ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. புகழேந்தி பாஸ்புக்கை வாங்கி எண்ணை வாசிக்க, நான் அடித்தேன். முடிந்ததும் என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

"நாளைக்கே போறேன். ஒண்ணுமில்லன்னு சீட்டு வாங்கியாந்து உன் மூஞ்சிலயே ஒட்டறேன், பாரு."

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிரசாதம் எதுனா தொட்டியாம்மா? சோப்பு போட்டு கை கழுவிட்டு வா." கழுவிக்கொண்டு வந்தேன். வேறு விரலில் குத்தினார். முதலில் நானூற்றுப் பன்னிரண்டு. இப்போது நானூற்று ஒன்பது.

சிறுநீரும் பரிசோதித்து உடனே அட்மிட் செய்தார்கள். டாக்டருக்கு என் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். "நீ நடந்து மெலியலம்மா" என்றார். "சாப்பிடற சர்க்கரை உடம்புக்குச் சேராம சிறுநீர்ல போயிருக்கு. உடம்பு தன்னையே தின்னுக்கிட்டு இருந்திருக்கு. இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா உன்ன நினைவில்லாமதான் தூக்கிட்டு வந்திருப்பாங்க. சரியான நேரத்துல வந்த. இன்சுலின் போட்டா நல்லா இருப்ப."

அம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த ரெண்டு வாரத்தையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பத்தாம் நாள் கடைக்குப் போனேன். இன்சுலின் என் கையாலேயே போடப் பழகியிருந்தேன். எழுத்து மெல்லத் தெளிந்துகொண்டு வந்தது. என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அவன் முன்னால் நின்றதும் வாயில் வந்தது வேறு.

"அவ்ளோ திட்டினேனே, ஏன் விடாம கேட்ட?"

அவன் மெஷினுக்குள் காகிதத்தை அடுக்கினான். அடுக்கியதையே மறுபடி அடுக்கினான்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. இனியா. பத்தொம்பது வயசு. அவளும் இப்படித்தான் தண்ணியா குடிச்சினு இருந்தா. ஒருநாள் கேட்டேன். இதையெல்லாம் எண்ணுவியான்னு, நீ கேட்டியே, அதையேதான் கேட்டா. எனக்கு வெக்கமா போச்சு. அப்புறம் நான் கேக்கல."

வெளியே விண்ணப்பத்தோடு ரெண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ கேட்டதாலதான் நான் இருக்கேன், புகழு" என்றேன். அதற்குமேல் முடியாமல் அங்கேயே நின்று அழுதேன்.