வாயுள்ள ஜீவன்

மாலை பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து வனஜாவுக்கு இடம் கொடுத்தாள். "கூத்கொள்ளி அக்கா" என்று உட்காரச் சொன்னவள், வனஜாவின் வயிற்றைப் பார்த்துச் சிரித்தபடி எத்தனை மாதம் என்று கன்னடத்தில் கேட்டாள். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. "ஐது" என்று ஐந்து மாதக் கணக்கைச் சொல்லிவிட்டு வனஜா உட்கார்ந்தாள். இறங்க வேண்டிய ஈஜிபுரா வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள்.

வயிற்றில் பிள்ளை இல்லை. காலையில் தட்டையாக இருக்கும் வயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உப்பத் தொடங்கி, ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது மேளம் மாதிரி இறுகிவிடும். வலி, ஏப்பம், திடீரென்று கழிப்பறைக்கு ஓட்டம். மூன்று வருடமாக இதுதான் கதை. தெருமுனை க்ளினிக் டாக்டர் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. "டென்ஷன் ஜாஸ்திம்மா" என்று அசிடிட்டி மாத்திரை எழுதித் தருவார். புருஷன் நாகேஷ், "சோம்பு மெல்லு, கொஞ்சம் நட" என்பான்.

நாகேஷின் உயிர் பால்கனியில் இருந்தது. கூண்டு நிறைய ஃபின்ச் குருவிகள். சமீபமாக அவை இட்ட முட்டை ஒன்றும் பொரியவில்லை. சிலவற்றின் ஓடு விரல் பட்டாலே அமுங்கியது. ஆண் குருவிகள் கூடு கட்டுவதையே விட்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை நாகேஷின் அக்கா ஷோபா வந்தாள். கூண்டைப் பார்த்தாள், வனஜாவின் வயிற்றைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள்.

"என்னத்தச் சொல்ல. இந்த வீட்ல குருவி முட்டைகூடப் பொரிய மாட்டேங்குது."

வனஜா நாகேஷைப் பார்த்தாள். அவன் கூண்டுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். காதில் விழாதவன் மாதிரி.

மறுநாள் காலை அவன் ஆபீஸுக்கு லீவு சொன்னான். குருவிகளைப் பறவை டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். ஆட்டோவில் கூண்டைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வனஜாவையும் லீவு போட வைத்தான்.

டாக்டர் ஓஸ்வால்ட் நிதானமான மனிதர். ஒரு குருவியைக் கையில் எடுத்து, வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு கேள்விகள். என்ன சாப்பிடுது? எப்பலேருந்து இப்படி? கால்சியம் தர்றீங்களா? தண்ணி எதுல வைக்கறீங்க? பால்கனியில மருந்து ஏதாவது அடிக்கறீங்களா?

"கால்சியம் தவறாம தர்றோம் சார். தண்ணி பழைய பிளாஸ்டிக் டப்பாவுல, வெயில்லதான் இருக்கும். கரப்பானுக்கு மாசாமாசம் ஆள் வந்து ஸ்ப்ரே பண்றான்" என்றான் நாகேஷ்.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த மாதிரி கெமிக்கல்ல சிலது உள்ள போய், உடம்போட ஹார்மோன் மாதிரியே நடிக்கும். முட்டை ஓடு மெலிஞ்சுடும். ஆணுக்குக் கூடு கட்டற நினைப்பே போயிடும். எல்லாத்தையும் நிறுத்துங்க, பார்ப்போம்."

வனஜா கூண்டைப் பிடித்தபடி நின்றாள். இத்தனை கேள்வியில் ஒன்றைக்கூட இதுவரை தன்னிடம் யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாகேஷ் பிளாஸ்டிக் டப்பாக்களை மூட்டை கட்டினான். ஸ்டீல் கிண்ணம் வாங்கி வந்தான். ஸ்ப்ரே ஆளுக்கு போன் போட்டு இனி வரவேண்டாம் என்றான். வனஜா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"குருவிக்கு லீவு போட்டீங்க."

"என்ன?"

"எனக்காக ஒருநாள், ஒரே ஒருநாள் லீவு போட்டிருக்கீங்களா?"

"அது வாயில்லா ஜீவன்டி. நாமதானே பார்த்துக்கணும்."

"எனக்கு வாய் இருக்கு! மூணு வருஷமா அந்த வாயாலதான் கத்திக்கிட்டிருக்கேன். சோம்பு மெல்லுன்னீங்க. உங்க அக்கா மூஞ்சிக்கு நேரா என்னைச் சொல்றாங்க, நீங்க தண்ணி ஊத்திட்டு நிக்கறீங்க!"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். வெறும் வயிற்றில் சர்க்கரைக் கரைசலைக் குடிக்க வைத்து, இடைவெளி விட்டு விட்டு ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மூச்சில் வரும் வாயுவை அளக்கும் சோதனை. ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "சிறுகுடல்ல பாக்டீரியா அளவுக்கு மேல பெருகியிருக்கு. நீங்க சாப்பிடறதை அதுங்க புளிக்க வச்சு கேஸ் ஆக்குது. அசிடிட்டி மாத்திரையை வருஷக்கணக்கா போட்டதும் ஒரு காரணமா இருக்கலாம். வயித்து அமிலம் குறைஞ்சா கிருமி சாகாதில்ல?"

ஆன்டிபயாடிக் கொடுத்தார். கொஞ்ச நாளைக்கு வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பைக் குறைக்கச் சொன்னார். சாப்பாட்டுக்கு நடுவே கொறிக்கக் கூடாது. உப்பல் திரும்பவும் வரலாம், வந்தால் பயப்பட வேண்டாம் என்றார்.

வனஜா நேராகத் தெருமுனை க்ளினிக்குக்குப் போனாள். "டென்ஷன் இல்ல டாக்டர். இனிமே அடுத்தவங்க வயித்தையாவது தொட்டுப் பாருங்க" என்றாள். காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்த முறை வந்த ஷோபா, உள்ளே நுழைந்ததும் வனஜாவின் வயிற்றுப் பக்கம் கையை நீட்டினாள். "ஏதாச்சும் விசேஷமா?"

வனஜா அந்தக் கையை விலக்கினாள். "குடல்ல பாக்டீரியா, அண்ணி. மாத்திரை போடறேன். இனிமே என் வயித்தைப் பத்தி இந்த வீட்ல பேச்சே இருக்கக் கூடாது."

"பாருடா, என்ன பேச்சு பேசறான்னு" என்று ஷோபா தம்பியைப் பார்த்தாள்.

"அவ சொல்றது சரிதான்க்கா" என்றான் நாகேஷ், தரையைப் பார்த்தபடி.

இதைச் சொல்ல இவனுக்கு இத்தனை காலம் ஆயிற்றே என்றுதான் வனஜாவுக்குத் தோன்றியது. கோபம் இம்மிகூட இறங்கவில்லை.

வயிறு இறங்கியது. சில மாதம் கழித்து மறுபடி உப்பியது. இந்த முறை நாகேஷ் கேட்காமலே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தான். டாக்டரம்மா "சொல்லுங்க" என்றதும், "அது என்னன்னா டாக்டர், இவளுக்கு..." என்று அவன் தொடங்கினான்.

"நீங்க உட்காருங்க. என் வயிறு, நான் சொல்லிக்கறேன்" என்றாள் வனஜா.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.