வெசர் ஆற்றின் எதிர்க்காற்று

அன்று மாலை மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நால்வர்: வில்ஃப்ரீட் பிரிங்க்மன், அவர் மனைவி ரோஸ்வித்தா, மகள் மாரென், ரோஸ்வித்தாவோடு தேவாலயத்தில் பாடும் குட்ரூன். வேறு யாரும் இல்லை. பிற்பாடு பலர் தாங்களும் கூடவே இருந்ததுபோலப் பேசினார்கள்.

குட்ரூன் எதற்கு வந்தாள் என்று வில்ஃப்ரீடுக்குப் பிடிபடவில்லை. கோடைப் பயணத்தைத் திட்டமிடுவது குடும்பத்துக் காரியம். ஆனாலும் வீட்டுக்கு வந்தவளுக்கு முதலில் கேக் கொடுக்கச் சொல்லிவிட்டு வரைபடத்தை விரித்தார். மூண்டன் ஊரில் அவர்கள் வீட்டுக்குக் கீழேதான் இரண்டு ஆறுகள் கூடி வெசர் ஆகின்றன. அங்கிருந்து கடல்வரை சைக்கிளில் ஒரு வாரம். அவர் பாட்டனார் இதே ஆற்றில் மரத்தெப்பம் ஓட்டியவர். பிரிங்க்மன் வீட்டார் ஆற்றோடு போகிறவர்கள். கல்யாணமானதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அவர் முன்னால், ரோஸ்வித்தா பின்னால்.

ஆற்றின் வளைவுகள்மேல் தையல்நூலைப் படியவைத்து, எந்த நாள் எந்த ஊரில் தங்குவது என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அறைகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவைப்பது ரோஸ்வித்தாவின் வேலை. வழக்கத்துக்கு மாறாக அவள் எதையும் குறித்துக்கொள்ளாததை அவர் சற்றுத் தாமதமாகத்தான் கவனித்தார்.

"உனக்கு எல்லா ஊர்லயும் ரூம் சொல்லியாச்சு, வில்ஃப்ரீட்," என்றாள் அவள். "ஒத்தை ரூம்."

பிறகு நிதானமாக விளக்கினாள். அவளும் குட்ரூனும் சைக்கிள்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறார்கள். அதே வாரம், அங்கிருந்து ஆற்றின் மேல்நோக்கி மிதித்து வீடு வருகிறார்கள்.

ஆற்றுக்கு எதிராகவா என்று கேட்டார் அவர்.

"காத்து கடல்லேருந்துதானே வருது. இத்தனை வருஷமும் அதை மூஞ்சில வாங்கிக்கிட்டு உன் பின்னாடி வந்தேன். ஒரு தடவை முதுகுல வாங்கிப் பாக்கறேன்."

எதிர்க்காற்று என்பது மனதில்தான் இருக்கிறது என்பது வில்ஃப்ரீடின் கட்சி. அன்றும் அதைச் சொன்னார்.

"அப்போ எங்க மனசு ரொம்பப் பெரிசு போலிருக்கு," என்றாள் குட்ரூன், கேக்கை வெட்டியபடி. "சைக்கிளே நின்னுடுது."

மாரென் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவின் பக்கம் சாய்ந்தாள். "நீங்களும் இவங்களோட போங்களேன்பா. ஆறு ஒண்ணும் கோவிச்சுக்காது."

ரோஸ்வித்தா அவர் முகத்தையே பார்த்தாள். "வர்றதா இருந்தா சொல்லு. ஒரு போன் பண்ணினா போதும்."

அறைகளுக்கு ஏற்பாடு செய்ததற்கு நன்றி என்று சொல்லிவிட்டு அவர் வரைபடத்தை மடித்தார்.

எல்லோரும் எழுந்து போனபின் அதை மறுபடி விரித்தார். இரண்டு நூல்களை எடுத்து, ஒன்றை மூண்டனிலிருந்தும் மற்றதைக் கடலிலிருந்தும் ஒரு நாளுக்கு இவ்வளவு தூரம் என்று வைத்துக்கொண்டு வந்தார். நீன்பர்க் ஊரைத் தாண்டி, படகுத்துறை ஒன்றின் அருகே இரண்டும் தொட்டன. அந்த நாளுக்கென்று ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் பையின் அடியில் வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவள் எந்தக் கரையில் வருவாள் என்றும் கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

வழியில் விடுதிக்காரர்கள் எல்லோரும் பழகியவர்கள். வீட்டம்மா வரவில்லையா என்று விசாரித்தார்கள். எதிர்ப்பக்கமிருந்து வருகிறாள் என்றார் அவர். அது பொய்யில்லை. இரண்டு பேர் மேசையில் ஒருவராக உட்கார்ந்து, எதிரே வைத்திருந்த தட்டைப் பணிப்பெண் எடுத்துப் போவதை ஒவ்வோர் ஊரிலும் பார்த்தார்.

குறித்த நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மிதித்தார். காற்று பலமாக எதிரே வந்தது. அது மனதில் இல்லை, நெஞ்சில் அடித்தது. துறையை அடைந்து பெஞ்சில் உட்கார்ந்தார். படகு அக்கரையில் கட்டிக் கிடந்தது. இக்கரையில் இருப்பவர் வேண்டுமென்றால் கம்பத்து மணியை அடித்துப் படகுக்காரரைக் கூப்பிடலாம்.

மதியம் சாய்ந்தபோது அவர்கள் வந்தார்கள், அக்கரைப் பாதையில். குட்ரூனின் சிவப்புச் சட்டைதான் முதலில் தெரிந்தது. அது பின்னால் இருந்தது. முன்னால் ரோஸ்வித்தா, காற்றில் தலைமுடி முகத்தின் முன் பறக்க, ஏறக்குறைய மிதிக்காமலே போய்க்கொண்டிருந்தாள். இப்படி முன்னிருந்து அவளைச் சைக்கிளில் அவர் பார்த்ததே இல்லை.

எழுந்தார். மணிக்கயிற்றைப் பிடித்தார். ஓர் அடி போதும், அவள் திரும்பியிருப்பாள். காத்திருந்ததும் தெரிந்துபோயிருக்கும். அவளாகத் திரும்பிப் பார்க்கட்டும் என்று நின்றார். மரங்களுக்குள் அவள் மறையும்வரை கயிறு கையில்தான் இருந்தது.

வில்ஃப்ரீட் மணியடித்து, படகில் அக்கரை சேர்ந்து, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மனைவிக்குப் பின்னாலேயே வீடுவரை வந்தார் என்று மூண்டனில் சொல்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. பிரிங்க்மன் வீட்டார் பாதி வழியில் திரும்புகிறவர்கள் அல்லர். அவர் கடல்வரை போய், ரயிலில் வீடு வந்து சேர்ந்தார்.