ஒரே மிதி

கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் தரை அமுங்கியது. அவன் காலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். போன வாரம்வரை வெறும் பலகையாக இருந்த இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு விரல் கனத்துக்கு நீல விரிப்பு. பிள்ளைகள் விழுந்தால் அடிபடாதாம். நல்லதுதான். ஆனாலும் சேற்றில் கால் வைத்தாற்போல அவனுக்கு என்னவோ ஒப்பவில்லை.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு விடுமுறை, மனைவிக்குச் சலவைக்கூடத்தில் காலை வேலை. அதனால் மகள் பஞ்சுவை இங்கே தூக்கி வருவது அவன் பாடு. காசு கிடையாது, சொல்லிவிட்டு வர வேண்டியதும் கிடையாது. நடக்கப் பழகிய பிள்ளைகள் விளையாடவும் பெற்றவர்கள் சுவரோரம் சாய்ந்து மூச்சு விடவும் ஊர்க்காரர்கள் திறந்து வைத்த இடம். பிள்ளையை விட்டுவிட்டு நகரக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். நடத்துகிறவளை எல்லோரும் மணியக்கா என்பார்கள். சாமான்களை எடுத்துவைக்கும் நேரம் வந்தால் கைமணி அடிப்பாள். மணி அடித்ததும் பிள்ளைகள் பலகை அதிர ஓடும். பஞ்சுவும் ஓடுவாள்.

அந்த மணி அவனுக்குக் கேட்டதில்லை. தகரம் அழுத்தும் இயந்திரத்தின் முன்னால் பதினாறு வருடம் நின்றதில் இடது காது செவிடாகிவிட்டது. வலது காதும் ஒப்புக்குத்தான் இருந்தது. பட்டறையில் சங்கு ஊதினால் நாலு பேர் தலை திரும்புவதைப் பார்த்துத்தான் கையைத் துடைப்பான். வீட்டிலும் மனைவி தொண்டைத் தண்ணீரை வீணாக்குவதில்லை. மாடிவீட்டுப் பலகைத் தரையில் குதிகாலால் ஒரு மிதி. அவன் திரும்புவான், மகளும் திரும்புவாள். ‘அப்பனையும் மகளையும் ஒரே நுகத்துல பூட்டலாம்’ என்று சிரிப்பாள். பஞ்சுவுக்கு வயது இரண்டு தாண்டிவிட்டது, இன்னும் பேச்சு வரவில்லை. சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டாலும் அசையாமல் தூங்குகிற பிள்ளை என்று அவனுக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு.

இரட்டையரைப் பெற்றவள் அவனுடைய வலது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து உரக்கச் சொன்னாள்: “அண்ணே, உங்க பொண்ண ஒரு வாரம் எனக்குக் குடுங்க. இந்த ரெண்டு குரங்கையும் நீங்க வச்சுக்கங்க. உங்களுக்குத்தான் காது கேக்காதே, பொழைச்சிக்குவீங்க.”

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே பார்த்தபோது பஞ்சு எதையோ வாயில் போடப் போனாள். அவன் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தான். கால் புதைந்தது. அவள் திரும்பவில்லை. எழுந்து நின்று இன்னொரு முறை மிதித்தான். முதுகைக் காட்டியபடியே இருந்தாள். ஓடிப்போய் வாயில் விரலை விட்டு ஒரு மர உருண்டையை எடுத்தபோதுதான் அவள் அவனைக் கண்டு திடுக்கிட்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். கூடத்தில் இருந்த தலைகளெல்லாம் ஒருசேரத் திரும்பின. ஓ, மணி அடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். திரும்பாத தலைகள் இரண்டு. ஒன்று அவனுடையது.

அவன் பஞ்சுவையே பார்த்தான். மணியக்காவும் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. மெத்தென்று நடந்து பஞ்சுவின் பின்னால் வந்து நின்று, அவள் தலைக்கு ஒரு சாண் உயரத்தில் மணியை ஆட்டினாள். சுவரோரத்தில் ஒருத்தி காதைப் பொத்தினாள். பஞ்சு கட்டைமேல் கட்டையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மணியக்கா அவன் முன்னால் வந்து குத்தவைத்து, உதடு தெரிய நிதானமாகக் கேட்டாள்: “வீட்ல இவள எப்படிண்ணே கூப்பிடுவீங்க?”

“காலால.”

அவள் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு வந்தது பட்டறையில வந்ததுக்கா. இவ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல” என்றான். சொல்லி முடிப்பதற்குள் நினைவு வந்துவிட்டது. அதே இயந்திரத்தின் எதிர்ப்பக்கம் நின்று தகடு எடுத்துப் போட்டவள் மனைவிதான். ஏழாம் மாதம்வரை. இயந்திரம் இறங்கும்போதெல்லாம் உள்ளே உதைக்கிறது என்று வயிற்றைத் தடவிச் சிரிப்பாள். அதனாலா, இல்லையா? யாரிடம் கேட்பது, கேட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? மணியக்கா மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். தள்ளிப்போடாதீங்க என்று இரண்டு தடவை சொன்னாள். அவன் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டில் மனைவி வேலை முடிந்து வந்து அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றாள். மகளை இறக்கிவிட்டான். அவள் நேராக ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக்கொண்டாள். அவனுடைய குதிகால் பழக்கத்தில் தானாக எழும்பியது. சத்தம் வராமல் அதைக் கீழே வைத்தான். பிறகு, நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து, “பஞ்சு” என்று கூப்பிட்டான்.

மனைவி மட்டும் பதறித் திரும்பினாள். “எதுக்கு இப்படிக் கத்துறீங்க?” என்று அவள் உதடு கேட்டது. சட்டைப்பையைத் தொட்டபடி அவன் நின்றான். கீழே தெருவில் பெரிய லாரி ஒன்று போயிருக்க வேண்டும், ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பஞ்சு கையை எடுக்காமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.