தலைவர் இளைத்த வரலாறு

உலகத்தாருக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும், ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரியும், எழுபது வயதைக் கடந்தவருமான பெரியவர், கொள்ளைநோய்க் காலத்தில், எவருடைய உதவியுமின்றி, தமது சொந்த மன உறுதியால் ஒன்பது கிலோ எடை குறைந்தார்.

இது சாதாரணச் செய்தி அல்ல. கட்டடத்தின் மற்ற கிழவர்கள் எல்லோரும் ஊரடங்கைச் சாக்காக வைத்து உட்கார்ந்த இடத்திலேயே ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மோதிரம் கழலவில்லை. இன்னொருவர் பேண்ட் என்ற பொருளையே மறந்துவிட்டார். தலைவரின் மைத்துனர், அதாவது அவர் மனைவியின் தம்பி, இரண்டு மாடி கீழே தனியாக இருந்தவர், முன்னாள் லாரி டிரைவர். அவர் நாற்காலியை விட்டு எழுந்தால் நாற்காலியும் மரியாதைக்குக் கூடவே எழுந்தது.

தலைவர் மட்டும் இளைத்தார். ஞாயிறுதோறும் எடை மெஷின்மேல் நிற்கும் தம் பாதங்களைப் படமெடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பாதங்களுக்கு நடுவே எண் இறங்கிக்கொண்டே வந்தது. கீழே "கட்டுப்பாடு!" என்று ஒரு சொல். செயலாளர் உடனே கைகூப்பும் படம் அனுப்புவார். அவருக்கு அது கைவந்த கலை.

இன்னொரு பெருமையும் உண்டு. தலைவர் வீட்டுக்குள்ளும் முகக்கவசத்தைக் கழற்றுவதில்லை. மகளின் பிரசவத்துக்குப் போய், ரயில் நின்றுபோனதால் அந்த ஊரிலேயே மாட்டிக்கொண்ட மனைவி வீடியோவில் கூப்பிட்டாலும் கவசத்தோடுதான் தரிசனம்.

"என்னங்க, நோய் என்ன போன் வழியாவா வரும்? கழட்டுங்க, மூஞ்சியப் பாக்கணும்."

"விதின்னா விதிதான்" என்பார், போனை வைத்துவிடுவார்.

விஷயம் இதுதான். ஊரடங்கின் முதல் வாரத்தில் உப்புத் தண்ணீர் கொப்பளித்தபோது, வேகம் தாங்காமல் அவருடைய பல் செட்டு வாஷ்பேசினில் விழுந்து இரண்டாக உடைந்தது. பல் டாக்டர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். சமைக்க வரும் அம்மாளையும் கேட்டோடு நிறுத்தியாகிவிட்டது. வெளியாட்கள் நுழையக் கூடாது என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் சாட்சாத் தலைவரேதான். அடுப்பைப் பற்றவைக்க அவருக்குத் தெரியும். அதற்குமேல் தெரியாது. பாலில் ஊறிய ரஸ்க்கும் நிறையத் தண்ணீருமாக நாள் ஓடியது. மைத்துனர் கொடுத்தனுப்பிய சாப்பாட்டுக் கேரியரையும், "உன் எடையைக் கவனி மாப்ளே" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். பல்லில்லாமல் பட்டினி கிடக்கிறேன் என்று ஒரு தலைவர் எப்படிச் சொல்வது?

சர்க்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் விழுங்கினார். அதை மெல்ல வேண்டியதில்லை.

முதலில் சந்தேகப்பட்டவர் மனைவி. தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய், உங்க அத்தானுக்கு என்னமோ ஆயிடுச்சுடா."

"ஏன்க்கா, எதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலடா! அதான் பயமா இருக்கு. ரெண்டே நிமிஷத்துல போனை வச்சுடறாரு. கல்யாணமான நாள்லேருந்து அவர் பேச ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷத்துல முடிச்சதில்ல. போய்ப் பாரு."

மைத்துனர் மூச்சிரைக்க மாடியேறி, தம்மிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தபோது தலைவர் சமையலறைத் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. "சங்கக் கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று காற்றைப் பார்த்துக் கேட்டார்.

மைத்துனருக்குச் சர்க்கரை வியாதியோடு பழைய பழக்கம், அவருக்கும் உண்டு. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுச் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று பார்த்ததும் தெரிந்துகொண்டார். தம்ளரில் சர்க்கரையைக் கொட்டிக் கரைத்து, முகக்கவசத்தை இழுத்துவிட்டு, மெல்ல மெல்லக் குடிக்கவைத்தார். கொஞ்ச நேரத்தில் தலைவரின் கண்ணில் தெளிவு வந்தது.

அப்போதுதான் மைத்துனர் அந்த வாயைப் பார்த்தார்.

"பல்லு எங்க அத்தான்?"

தலைவர் அலமாரியைக் காட்டினார். ஒரு கிண்ணத்தில் பல் செட்டு இரண்டு துண்டாகக் கிடந்தது.

மைத்துனர் சிரிப்பார் என்று தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கத்தான் செய்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் நீர் நிற்கவில்லை.

"செத்துப் போயிருப்பீங்களே அத்தான். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"யாருக்கும் சொல்லாதே மாப்ளே."

"டாக்டருக்கு மட்டும் சொல்றேன், போதுமா?"

டாக்டர் போனிலேயே திட்டி, மாத்திரையைக் குறைத்தார். அன்றிலிருந்து மைத்துனர் வேளைதோறும் ஒரு பாத்திரத்தோடு மாடியேறினார். குழைந்த சோறு, மசித்த உருளைக்கிழங்கு, கரண்டியால் நசுக்கிய முட்டை. தலைவர் முதல் நாள் தட்டின் முன் எழுந்து நின்று, "இந்தச் சந்தர்ப்பத்தில் நான்..." என்று ஆரம்பித்தார்.

"வாயைத் திறங்க அத்தான். பேசறதுக்கு இல்ல."

இரட்டைப் பங்கு காய்கறிப் பையோடு மைத்துனர் லிஃப்டுக்குக் காத்திருப்பதைக் கட்டடமே பார்த்தது. செயலாளருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன டிரைவர் சார், ரெண்டு ஆள் சாப்பாடா? அத்தானைப் பாத்துக் கத்துக்கக் கூடாதா?"

"என்ன பண்றது சார், இந்த வயிறு யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்குது" என்று தம் தொப்பையைத் தட்டிக் காட்டுவார் மைத்துனர். குழுவில் யாரோ அவருக்கு 'குடோன்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதற்கும் அவர் ஒரு கட்டைவிரல் படம் போட்டார்.

தலைவர் இதையெல்லாம் படித்தார். படித்துவிட்டு, குடோன் பிசைந்த சோற்றைச் சாப்பிட்டார். சோறு இறங்கியது. மற்றது இறங்கவில்லை.

எடை இறங்குவது நின்றதை, தலைவர் இலக்கை எட்டிவிட்டார் என்று செயலாளர் பொருள்கொண்டார். உடனே வீடியோவில் பாராட்டுக் கூட்டம். திரை முழுக்கச் சதுரம் சதுரமாகத் தலைகள். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டுப்பாட்டின் இமயம், முதியோரின் விடிவெள்ளி என்று அடுக்கினார். "இதே குடும்பத்துலயே இன்னொருத்தரும் இருக்கார். பேரைச் சொல்ல மாட்டேன். அவர் உட்கார்ந்தா திரையில இடம் பத்தாது" என்றதும் சதுரங்கள் சிரித்தன.

தலைவர் முகக்கவசத்தைக் கழற்றினார்.

"நான் கட்டுப்பாடா இருந்து இளைக்கல. பல் செட்டு உடைஞ்சு போச்சு, மெல்ல முடியல. வெக்கத்துல யார்கிட்டயும் சொல்லல. நீங்க கேலி பண்ற ஆள்தான் தினமும் மாடியேறி வந்து எனக்குச் சோறு பிசைஞ்சு குடுக்கறான். அவன் வாங்கற ரெண்டாவது பங்கு என்னோடது. அவன் இல்லன்னா இன்னிக்கு இது இரங்கல் கூட்டம்."

சிரித்த சதுரங்கள் ஒவ்வொன்றாகக் கேமராவை அணைத்தன.

"தலைவரே" என்றார் செயலாளர், மெதுவாக. "உங்க மைக் ஆன்ல இருக்கு."

"தெரியும்."

மாலை மைத்துனர் பாத்திரத்தோடு வந்தார். அவரும் கூட்டத்தைப் பார்த்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. தட்டை வைத்து, பிசைந்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எதுக்கு அத்தான் அதெல்லாம்? ஊர் பேசினா என் தொப்பையா கரையும்?"

தலைவர் ஒரு நிமிடம் சொற்களைத் தேடினார். பெரிய சொற்கள் நிறைய வந்து நின்றன. எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, மைத்துனரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நன்றிடா."

ஜன்னலுக்கு வெளியே ஆளில்லாத தெரு. தலைவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார்.

உப்பு அதிகம். இன்னொரு வாயும் எடுத்தார்.