பாதி வழியில் இறங்கிய டீச்சர்

வேதா டீச்சரைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெருங்குடலில் புண் வந்து இரண்டு வருடமாகியிருந்தது. வயிறு முறுக்க ஆரம்பித்தால் சில நிமிடம்கூடத் தாங்காது. மாடம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துப் பள்ளிக்குப் போகும் பஸ் பயணம் அவளுக்குத் தினமும் ஒரு கண்டம்.

2006 மழைக்காலத்தில் ஒருநாள், சேலையூர் அருகே சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததில் பஸ் அப்படியே நின்றுவிட்டது. வயிறு முறுக்கியது.

"அண்ணா, கொஞ்சம் இறக்கி விட்டுடுங்கோ. உடம்பு முடியல."

கண்டக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாத்தானம்மா கீறீங்க. ஸ்டாப்பிங் வரட்டும்."

அதற்கெல்லாம் நேரமில்லை. நின்றிருந்த பஸ்ஸிலிருந்து அவளே குதித்து இறங்கினாள். முதலில் தென்பட்ட ஓட்டலில் கழிப்பறை இல்லை என்று கையை விரித்தார்கள். அடுத்தது மின்விசிறி பழுது பார்க்கும் கடை. கடைக்காரர் ஹனீஃபா வெளியே போயிருந்தார். அவர் மனைவி பஷீரா உட்கார்ந்திருந்தாள். வேதா கடை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஷீரா அவள் முகத்தைப் பார்த்தாள். "உள்ள வாங்க" என்று மட்டும் சொல்லி, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள் கூட்டிப்போனாள்.

ஆனாலும் கொஞ்சம் பிந்திவிட்டது. புடவை பாழாகியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள் வேதா.

வெளியிலிருந்து குரல் கேட்டது. "வாளி நெறய தண்ணி கீது. கதவாண்ட என் புடவை ஒண்ணு வெச்சிருக்கேன். மெதுவா வாங்க, அவசரமில்ல."

வெளியே வந்ததும் வேதா தடுமாறினாள். "இது ஒரு வியாதி. குடல்ல..."

"நான் ஒண்ணும் கேக்கலியே. டீ போடவா? இல்ல, டீ ஆவாதா?"

"ஆகாது."

"அப்ப கஞ்சித் தண்ணி தரேன்."

தாம்பரத்துப் பள்ளியில் டீச்சர் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, பஷீராவின் புடவையோடு வேதா கிளம்பினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் பஸ்ஸில் தலையைக் குனிந்துகொண்டாள். துவைத்துத் தேய்த்த புடவை பீரோவிலேயே கிடந்தது. ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை, மனதைத் திடப்படுத்திக்கொண்டு அதை எடுத்துப் போனாள்.

ஹனீஃபா கடையில் தனியாக இருந்தார். "நான் டீச்சர்..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள், மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நேரா உள்ள போங்க டீச்சர். பாத்ரூம் சுவிட்ச் வலது கைப்பக்கம். எப்ப வந்தாலும் கேக்காம போலாம்னு வூட்ல சொல்லி வெச்சிருக்கு" என்றார்.

வேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நோயை நினைத்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இல்லண்ணா, இன்னிக்கு அக்காவைப் பார்க்கத்தான் வந்தேன்."

உள்ளேயிருந்து பஷீரா எட்டிப் பார்த்தாள். இருவரும் விளக்கு வைக்கும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தெந்தச் சாப்பாடு ஆகும், எது ஆகாது, ராத்திரி வலிக்குமா என்று பஷீரா கேட்கக் கேட்க, வீட்டில்கூடச் சொல்லாததையெல்லாம் வேதா சொன்னாள்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் தலைமையாசிரியை சாராளின் அறைக்குள் நுழைந்தாள்.

"மேடம், எனக்கு ஒரு உடம்புப் பிரச்சினை இருக்கு. பாத்ரூமுக்குப் பக்கத்துல உள்ள கிளாஸா போட்டுக் குடுங்கோ" என்றாள், குரல் நடுங்காமல்.