பச்சைப் பொத்தான்

"வந்துட்டீங்களா எஜமான்! கொமுகி காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்!"

சொல்லிவிட்டு, கடைக்குள் கொமுகி என்று பெயர் வைத்துக்கொண்ட மினோரி குனிந்து, ஆம்லெட்டின் மேல் தக்காளி சாஸால் பூனை முகம் வரைந்தாள். முதுகெல்லாம் கசகசத்தது. ஹீட்டர் எரிகிற கடைக்குள் குளிர்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு யாராவது பரிமாறுவார்களா? இன்று பரிமாறித்தான் ஆக வேண்டும். பெண்கள் வேலைக்காரி வேஷத்தில் வாடிக்கையாளரை எஜமான் என்றழைத்துப் பரிமாறும் அகிஹபாராவின் அந்த நாலாவது மாடிக் கடையில் இன்று சொந்த உடுப்பு நாள். ஜாலர் வைத்த வேலைக்காரிக் கவுன்கள் உள்ளே தொங்கின. டோப்பா மட்டும் தலையில். மற்றபடி பெண்கள் வெளியில் உடுத்துவதையே உடுத்தி நிற்க, எஜமான்கள் முன்பதிவு செய்து வந்து பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் கெஞ்சி ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் வாங்கித்தான் வந்திருந்தாள். மேலாளர் இவாசே அதன் கழுத்தைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தார்.

"உன்னுது இல்லையே இது. சோப்பு வாசனையே வேற. போன தடவை அந்த ரன் பொண்ணு புதுசு வாங்கிப் போட்டா, விலைச்சீட்டு தொங்கி மானம் போச்சு. தினம் போட்டுக்கிட்டு வர்றியே அந்த நீலக் கோட்டு, அதைப் போடும்மா. ஒத்தைப் பொத்தான் மட்டும் பச்சையா இருக்கே, அதான் நிஜம்."

"சார், எனக்கிருக்கறதே அது ஒண்ணுதான். அதோடதான் ரயிலேறிப் போறேன். அடையாளம் தெரிஞ்சுபோச்சுன்னா?"

"தெரியட்டுமே. அதுக்குத்தானே வர்றாங்க?"

வாரம் மூன்று நாள் கடைக்கு வருகிற ஹிராதா என்ற எஜமான் போன மாதம் பிளாட்பாரத்தில் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றும் திரும்பிப் பார்க்கவில்லை. இளஞ்சிவப்பு டோப்பாவையும் ஜாலரையும் கழற்றிவிட்டு அந்தக் கோட்டைப் போட்டால் அவள் யாரோ ஒருத்தி. அந்த ஒரு நிம்மதிதான் அவளுக்கு மிச்சம்.

இன்று ஹிராதா அவளோடு படம் பிடித்துக்கொண்டான். பிறகு பச்சைப் பொத்தானை இரண்டு விரலால் உருட்டினான்.

"யார் தைச்சா?"

"நான்தான், எஜமான்."

கோட்டுக் கையை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டான். "ரயில் வாசனை. எந்த லைனு?"

சீ! "அது ரகசியம்!" என்று கன்னத்தில் விரல் வைத்துச் சிரித்தாள். இவாசே கை தட்டினார்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்து கார்டு அடித்தபோது ஜன்னலோரம் நின்ற ரன் கூப்பிட்டாள். "ஏய், கீழ பாருடி. உன் ஆளு."

"என் ஆளா? வாயைக் கழுவு."

ஸ்டேஷனுக்குத் திரும்பும் முனையில் ஹிராதா நின்றிருந்தான். கையில் அந்தப் படம்; நீலக் கோட்டும் அதற்குள் போட்டிருந்த மஞ்சள் ஸ்வெட்டரும் அதில் விழுந்திருந்தன. போகிற பெண்களின் கோட்டை ஒவ்வொன்றாக அதோடு ஒத்துப் பார்த்தான்.

மினோரி இவாசேயிடம் ஓடினாள். "சார், அவரைப் போகச் சொல்லுங்க."

"ரோடு என்ன எங்கப்பன் வீட்டுதா?"

"அப்ப கவுனோடவே போயிடறேன்."

"கவுன் கடையைத் தாண்டக்கூடாது, தெரியும்ல? நோட்டீஸ் குடுக்கன்னா போகலாம்." நோட்டீஸ் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "குடுத்துக்கிட்டே நில்லு. அவன் போனதும் வந்து மாத்திக்க."

"கார்டு அடிச்சுட்டேனே சார்."

"அடிச்சது அடிச்சதா இருக்கட்டும். உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

ரன் தன்னுடைய பழுப்பு டோப்பாவையும் ஒரு மாஸ்க்கையும் கொடுத்தாள். "போ. எவனும் மூஞ்சியைப் பார்க்கப்போறதில்லை."

டிசம்பர் காற்று கவுனின் குட்டைக் கைக்குள் புகுந்து அக்குள் வரை அறுத்தது. தெரு நெடுக வேறு வேறு கடைப் பெண்கள் அதே ஜாலரோடு வரிசையாக நின்றார்கள். அவளும் நின்றாள். காலை உதறிக்கொண்டே நகர்ந்ததில் ஹிராதாவின் முன்னால் போய்விட்டாள். ஓடினால் சந்தேகப்படுவான். நோட்டீஸை நீட்டினாள்.

அவன் நிமிரவேயில்லை. "வேணாம்மா, தள்ளிப் போ. எங்க கொமுகி வர்ற நேரம்."

கட்டு தீர்ந்தது. மரத்துப்போன விரல்களால் கைப்பிடியைப் பற்றி நாலு மாடி ஏறினாள். இவாசே ஜன்னலைத் திறந்து வைத்துச் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். குளிருக்கு அவளுடைய நீலக் கோட்டை மடியில் போர்த்தியிருந்தார்.

"இன்னும் நிக்கிறானே," என்று வெளியே எட்டிப் பார்த்தார். "இந்தா, இன்னொரு கட்டு."