சந்தையில் மட்டும் தமிழ்

ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் புறப்படும்போதே ரேணுகாதேவியைப் பயம் பிடித்துக்கொண்டது. எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் செய்த வேலை. பேசியவனுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. வேறு பாஷை பேசும் பொம்பளைகள் வந்து இறங்கியிருக்கிறார்களாம், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்களாம், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று மூச்சு வாங்கச் சொல்லியிருந்தான். அவசரத்துக்குப் பத்து ரூபாய் கேட்டால் ஆயிரம் யோசிக்கிற ஜனங்கள், இதை மட்டும் கேட்ட கையோடு அனுப்பிவிட்டார்கள்.

நாத்தனார் வசந்தி அதை அவளுக்கும் போட்டுக் காட்டினாள்.

"அண்ணி, சொல்றேன்னு கோச்சிக்காதீங்க. வூட்ல எப்டியோ போவட்டும். சந்தைல பாப்பாகிட்ட உங்க பாஷைல பேசாதீங்க. கேக்கறவன் இன்னா நெனப்பான்?"

பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த கலையரசனும் தலையாட்டினான். "அது சொல்றதும் சரிதான். சந்தைல மட்டும்தான ரேணு. திரும்பி வர்ற வரைக்கும்."

ரேணுகா சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்?

அவள் சித்தூர்ப் பக்கம். அங்கே மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்கு லாரி ஓட்டப்போன கலையரசனை விரும்பிக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறியவள். தமிழ் நன்றாகப் புரியும். பேசவும் பேசுவாள், கடைக்குப் போய்வருகிற அளவுக்கு. ஆனால் பயமோ கோபமோ வந்துவிட்டால் அந்தத் தமிழ் அவளை அம்போ என்று விட்டுவிட்டு ஓடிவிடும். குழந்தை பிறந்ததும் இருவரும் பேசி முடிவு செய்தார்கள்: அப்பா தமிழ், அம்மா தெலுங்கு. காவியாவுக்கு இப்போது மூன்றரை வயது. அவள் கணக்கில் அம்மா என்றால் தெலுங்கு, மிச்ச உலகம் முழுக்கத் தமிழ். "நைனா, பசிக்குது" என்று அப்பனிடம் சொன்ன வாய் மூடுவதற்குள், அதையே அம்மாவிடம் தெலுங்கில் சொல்வாள். ரேணுகா விளையாட்டுக்காகத் தமிழில் கொஞ்சினால் மட்டும் பிடிக்காது. யாரோ தெரியாத ஆள் கன்னத்தைத் தொட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீடே சிரிக்கும். ரேணுகாவுக்கு உள்ளூரப் பெருமை தாங்காது. இந்த மலையில் அவள் பாஷையில் அவளோடு பேச இருந்த ஒரே ஆள் அந்தக் குழந்தைதான்.

வழியிலேயே பின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. சந்தை முனையில் இருவரையும் இறக்கிவிட்டு, "பஞ்சர் ஒட்டிட்டு ஓடியாந்துர்றேன்" என்று கலையரசன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். தமிழ் பேசும் துணை போய்விட்டதே என்று அவளுக்குத் திக்கென்றது.

கூட்டம் நெருக்கியது. காவியா வழக்கம்போல இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"எத்துகோ அம்மா!"

தூக்கச் சொல்கிறாள். பக்கத்தில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது. பார்த்தாளோ இல்லையோ, ரேணுகாவுக்கு அப்படித்தான் பட்டது.

"நட கண்ணு. கொஞ்ச தூரம்தான்" என்றாள் தமிழில்.

குழந்தை அண்ணாந்து பார்த்தது. மறுபடியும் கையைத் தூக்கியது. மறுபடியும் தமிழ்தான் வந்தது. காவியா கையை உதறிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ரேணுகா அவசரமாகத் தூக்கப்போனாள். குழந்தை உடம்பை வில்லாக வளைத்து வீறிட்டது. சந்தையில் எந்தக் குழந்தைதான் வீறிடாது? வேறொரு நாளாக இருந்தால் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். அன்றைக்குத் திரும்பினார்கள்.

"ஏம்மா, கொயந்த ஏன் இப்டி அழுது?" புளி விற்கும் மங்கம்மாள் கடையை விட்டு எழுந்து வந்தாள். குனிந்து, "பாப்பா, இது யாரு? உங்கம்மாவா?" என்று கேட்டாள்.

காவியா கோபத்தோடு ரேணுகாவைப் பார்த்தாள். பிறகு நல்ல தெளிவான மலைத் தமிழில் சொன்னாள்: "இல்ல. எங்கம்மா இப்டிப் பேசாது."

முதல் வார்த்தைக்கு மேல் யாரும் கேட்கவில்லை. அது ஒன்றே போதுமானதாக இருந்தது. மங்கம்மாள் குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான்கு பேர் பத்துப் பேரானார்கள். செருப்புக்கடை கோபால்சாமி செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தபடியே வந்தான்.

"பேரு இன்னா? எந்த ஊரு?"

"ரேணுகா. கல்லாத்துக்கொல்லை. என் ஊட்டுக்காரர் கலையரசன். பஞ்சர்க்கு..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஐந்து வருடமாகச் சேர்த்த தமிழில் ஒரு சொல்லாவது உதவிக்கு வரவேண்டுமே! கலையரசனுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. காற்றடிக்கிற மெஷின் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது.

"தமிழு ஒதைக்குது பாரு" என்றது ஒரு குரல். "அந்த மெசேஜ்ல சொன்னாங்களே, இதான்" என்றது இன்னொன்று.

காவியாவின் கோபம் இப்போது பயமாகிவிட்டது. முன்பின் தெரியாத இடுப்பில் இருந்துகொண்டு கூட்டத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னால் குழந்தை பாய்ந்து வந்துவிடும், ரேணுகாவுக்கு அது நிச்சயம். சொன்னால் இந்தக் கூட்டம் என்ன செய்யும் என்பதும் ஏறக்குறைய நிச்சயம். சொல்லாவிட்டால் குழந்தை இன்னொருத்தி இடுப்பிலேயே இருக்கும். கலையரசன் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் யாரோ, "கொயந்தைய ஸ்டேஷனுக்குத் தூக்கினு போங்க" என்றார்கள். மங்கம்மாள் நகர்ந்தாள்.

"ரா தல்லி!" என்று ரேணுகா கத்தினாள். "அம்ம தக்கரிக்கு ரா!"

அம்மாவிடம் வா என்றுதான் கூப்பிட்டாள். காவியா மங்கம்மாளின் தோளை உதைத்துத் தள்ளிக்கொண்டு குதித்து ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஏன் இவ்வளவு நேரம் வரவில்லை என்று தெலுங்கில் தேம்பித் தேம்பிக் கேட்டாள். கண் உள்ளவனுக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அங்கே எல்லாரும் காதால் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, வேற பாஷ! கொயந்தைய மயக்கி வச்சிருக்கா!"

ஒரு கை அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தது. இன்னொரு கை கன்னத்தில் அறைந்தது. யாருடைய கை என்று கடைசிவரை தெரியவில்லை. ரேணுகா குழந்தையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். செத்தாலும் இதை விடமாட்டேன் என்பது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது.

"டேய்! யாருடா அது! எம் பொண்டாட்டிடா!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கலையரசன் வந்தான். கை முழுக்க கிரீஸ். "நைனா!" என்று காவியா அலறினாள்.

மங்கம்மாள் வாயில் கை வைத்தாள். "அய்யய்யோ, நம்ம கலையரசன் வூட்டுப் பொண்ணா? இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கோபால்சாமி செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, காலம் அப்டி கீது" என்றான். ஒருத்தி பொரிப் பொட்டலம் ஒன்றைக் குழந்தையின் கையில் திணித்தாள். கலையரசன் அதை வாங்கி வீசினான். வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டு வாங்க ஆள் இல்லாமல் கூட்டம் கரைந்து அவரவர் கடைக்குப் போய்விட்டது.

ஒன்றும் வாங்காமலே கிளம்பினார்கள். வண்டியில் கலையரசன் முன்னால், ரேணுகா பின்னால், நடுவில் காவியா. கொஞ்ச தூரம் போனதும் கடைகளும் கூட்டமும் மறைந்தன. ரேணுகாவின் கன்னம் காந்தியது. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. குழந்தை இவ்வளவு நேரம் வாய் திறக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. குனிந்து, பசிக்கிறதா என்று அவள் காதோரம் தெலுங்கில் கேட்டாள். காவியா அப்பாவின் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயந்துவிட்டாயா தங்கமே, இனி ஒன்றும் இல்லை, அம்மா இருக்கிறேன் என்றாள், அதுவும் தெலுங்கில்.

காவியா சட்டென்று திரும்பினாள். சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"தமிழ்ல பேசும்மா" என்றாள் ரகசியமாக. "அடிப்பாங்க."

பிறந்ததிலிருந்து அம்மாவிடம் அவள் பேசிய முதல் தமிழ் அதுதான்.

காற்றில் கலையரசனுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். "அட, உங்கிட்டயும் தமிழ் பேச ஆரம்பிச்சிட்டாளா? வசந்தி கேட்டா சந்தோஷத்துல குதிக்கும் போ."

"ஆமாங்க" என்றாள் ரேணுகா. வீடு வந்து சேரும்வரை குழந்தையிடம் எந்தப் பாஷையிலும் அவள் ஒன்றும் பேசவில்லை.